கிருஷ்ணகிரி ஒரு நாடாக இருந்தால்...

பள்ளியில் படித்தபோது என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு நாடு இருந்தது. அதற்குக் கொடி உண்டு, நாணயம் உண்டு, தென்பெண்ணைக் கரையில் ஒரு தலைநகரமும் உண்டு. எல்லாவற்றையும்விட ஆசையாக வரைந்தது அதன் விமானப்படையைத்தான். பெங்களூரு ஹெச்.ஏ.எல். பக்கமிருந்து ஜெட் சத்தம் கேட்டால் வகுப்பறை ஜன்னலுக்கு ஓடிப்போய் வளர்ந்த ஓசூர்ப் பிள்ளைகள் நாங்கள். ஆகவே என் நாட்டிடம் போர் விமானங்கள் நாற்பது இருந்தன. அவற்றை யார் பழுது பார்ப்பார்கள், ஒரு போல்ட் தேய்ந்தால் மாற்று போல்ட் எங்கிருந்து வரும் என்று அன்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்க்கும்போது, ஒரு சின்ன நாட்டின் விமானப்படை என்பதே அந்தக் கேள்விக்கான பதில்தான் என்று தோன்றுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பரப்பு 5,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறக்குறைய 18.8 லட்சம். மொரீஷியஸ் பரப்பில் நம் மாவட்டத்தின் பாதிகூட இல்லை. மாலத்தீவின் தரைப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர். சீஷெல்ஸ் மக்கள் அத்தனை பேரையும் கூட்டினாலும் ஓசூர் மாநகராட்சியின் மக்கள்தொகைக்கு ஈடாகாது. ஆனாலும் இவை ஐ.நா. சபையில் நாற்காலி உள்ள நாடுகள். வானத்தில் பறக்க இவர்களுக்கும் விமானம் வேண்டும்.

எதற்கு வேண்டும்? சீஷெல்ஸின் நிலம் கையளவு. ஆனால் அதன் பொருளாதார உரிமைக் கடல் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. அந்தக் கடலில் யார் திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறார்கள், எந்தப் படகில் கடத்தல் நடக்கிறது, எங்கே ஆள் தத்தளிக்கிறார் என்று பார்க்க ஒலியை மிஞ்சும் போர் விமானம் உதவாது. மெதுவாக, தாழ்வாக, பல மணி நேரம் சுற்றிவரும் இரட்டை என்ஜின் விமானம்தான் வேண்டும். இந்தியா சீஷெல்ஸுக்கு 2013-ல் ஒன்றும் 2018-ல் இன்னொன்றுமாகக் கொடுத்த டோர்னியர் 228 அப்படிப்பட்டது. 19 பேர் உட்காரலாம், குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். கான்பூரில் ஹெச்.ஏ.எல். தயாரிப்பது. ராணுவமே வைத்துக்கொள்ளாத மொரீஷியஸில் இதே டோர்னியரைக் காவல்துறையின் கடலோரக் காவல் பிரிவு ஓட்டுகிறது.

விமானமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மாலத்தீவு 1988 நவம்பர் 3 அன்று பார்த்தது. இலங்கையிலிருந்து படகில் வந்த, புளொட் இயக்கத்தைச் சேர்ந்த கூலிப்படையினர் தலைநகர் மாலேயில் இறங்கி ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். அதிபர் கயூம் ஒளிந்துகொண்டு இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய ஐ.எல்.-76 விமானங்கள் பாராசூட் படையினருடன் ஹுல்ஹுலே தீவின் ஓடுபாதையில் இறங்கின. ஒரு நாட்டின் ஆட்சி அன்று பிழைத்தது பக்கத்து நாட்டின் விமானத்தால்.

விமானத்தை வாங்குவதோ பரிசாகப் பெறுவதோ பெரிய காரியமல்ல. அதற்குப் பிறகு வருவதுதான் பாடு. இலங்கைக்கு 2022 ஆகஸ்ட் 15 அன்று கட்டுநாயக்கவில் இந்தியக் கடற்படையின் டோர்னியர் ஒன்று வழங்கப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் அது கட்டாயப் பராமரிப்புக்காக இந்தியா திரும்பியது. அதன் இடத்துக்கு இன்னொரு டோர்னியர் போனது. சர்வீஸுக்கே கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் இலங்கை விமானப்படை நேற்று முளைத்ததல்ல. 1951-ல் அரச சிலோன் விமானப்படையாகத் தொடங்கியது. 1971 கிளர்ச்சியின்போது, சீனக்குடாவில் மூட்டைகட்டி வைத்திருந்த ஜெட் ப்ரோவோஸ்ட் விமானங்களை அவசர அவசரமாக உயிர்ப்பித்துப் பறக்கவிட்டவர்கள் அவர்கள். அந்தச் சில நாட்களில் அந்த நாட்டுக்கு விமானப்படையைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஹேங்கரில் ஸ்பேனர் பிடித்தவர்கள்தான் என்பேன். அவர்கள் படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மாலத்தீவுக்கு நாம் கொடுத்த துருவ் ஹெலிகாப்டர்களும் டோர்னியரும் நோயாளிகளைத் தீவு விட்டுத் தீவு தூக்கிப் போகின்றன. ஓட்டவும் பராமரிக்கவும் இந்தியப் படையினர் எழுபதுக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். அதுவே பெரிய அரசியலாக வெடித்து, 2024 மே 10-க்குள் அவர்கள் வெளியேறினார்கள். பிறகு? அவர்கள் இடத்தில் இந்தியாவிலிருந்தே சிவிலியன் தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். ராணுவம் வேண்டாம் என்று சொல்ல முடிந்த அரசால் மெக்கானிக் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. தென் அமெரிக்காவின் எக்குவடோர் ஏழு துருவ் ஹெலிகாப்டர்களை வாங்கியது. நான்கு விபத்தில் சிக்கின. 2015-ல் ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டார்கள். உதிரி பாகங்கள் வந்துசேராததும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. துருவ் பிறப்பது பெங்களூருவில், ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கடையாணி இல்லாத தேர் எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பயன்?

இப்போது நம்மூருக்கு வருகிறேன். ஓசூரிலிருந்து தளி சாலையில் போனால் பேளகொண்டப்பள்ளி. ராகிக் கொல்லைகளையும் ரோஜா பசுமைக்குடில்களையும் தாண்டினால் வேலிக்குள் சுமார் 7,000 அடி நீள ஓடுபாதை கிடக்கிறது. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் விமானத்தளம். இந்தியாவில் சிறு விமானங்களைத் தயாரிக்க வந்த முதல் தனியார் நிறுவனம் அது. இத்தாலியின் பார்ட்டனாவியா நிறுவனத்துடன் கைகோத்து, பி-68 என்ற இரட்டை என்ஜின் விமானத்தை 1990-களில் இங்கே கட்டினார்கள். லூயிஜி பாஸ்காலே வடிவமைத்து 1970-ல் முதலில் பறந்த அந்த விமானத்தில் ஆறு பேர் போகலாம். 200 குதிரைத்திறன் லைகாமிங் என்ஜின் இரண்டு. அதன் கண்காணிப்பு வகைக்கு மூக்குப்பகுதி முழுக்கக் கண்ணாடிதான். கீழே நடப்பதை மடியில் வைத்துப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம். கடற்கரையையும் காட்டையும் காவல் காக்க ஒரு சின்ன நாடு தேடும் விமானம் ஏறக்குறைய இதுதான். என் கணக்கு நோட்டு நாட்டுக்குத் தேவையானதும் இதுதான். அது எங்கள் ஊரிலேயே செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

பெங்களூரு தேசிய விமான ஆய்வகம் வடிவமைத்த ஹன்ஸா பயிற்சி விமானமும் இதே வேலிக்குள் தயாரானது. டி.ஆர்.டி.ஓ-வின் ஆளில்லா விமானம் ருஸ்தம்-1 முதலில் பறந்ததும் இங்கேதான், 2009 நவம்பரில். இறங்கும் நேரத்தில் உயரக் கணிப்பு தப்பி, என்ஜின் நிறுத்தப்பட்டு, விழுந்து நொறுங்கியது. பதினொரு மாதம் கழித்து, 2010 அக்டோபர் 16 அன்று, அதே ஓடுபாதையில் எழும்பிப் பத்திரமாக இறங்கியது. நொறுங்கிய இடத்துக்கே திரும்பி வந்து பறக்கவைத்தார்களே, பேளகொண்டப்பள்ளியின் பெருமையாக நான் சொல்வது அதைத்தான்.

பி-68 தயாரிப்பு நீடிக்கவில்லை. சொந்தமாகச் சிறு விமானம் வாங்குவோர் நம் நாட்டில் குறைவு. என்ஜின் முதற்கொண்டு பல பாகங்கள் இறக்குமதி. சொற்ப எண்ணிக்கையில் செய்தால் விலை இறங்காது. விலை இறங்காவிட்டால் ஆர்டர் வராது. பிறகு அந்த நிறுவனம் பாகங்கள் தயாரிப்பு, விமானப் பராமரிப்பு என்று திரும்பியது. அதை ஒரு தோல்வியாக நான் பார்க்கவில்லை. சின்ன விமானப்படைகளுக்குக் குறைவாகக் கிடைப்பதே பராமரிப்புதான். மூன்று விமானம் உள்ள நாட்டில் ஒன்று சர்வீஸில் நின்றால் படையில் மூன்றில் ஒரு பங்கு தரையில் நிற்கிறது. லைகாமிங் என்ஜினை 2,000 மணி நேரம் ஓடிய பிறகு முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். மாட்டும் ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஆலையில், எந்த உருக்கில், எந்தத் தொகுதியில் பிறந்தது என்று காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத போல்ட் தங்கத்தில் செய்ததானாலும் விமானத்தில் ஏறாது.

இந்த ஒழுங்கு ஓசூருக்குப் புதிதல்ல. 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று துல்லியத்தில் வளர்ந்த ஊர் இது. எல்லை தாண்டி பெங்களூருவுக்கு ஜாப் வொர்க் செய்யும் பட்டறைகளில், மைக்ரானில் பேசும் டர்னர்களும் டூல் ரூம் ஆட்களும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வேலை பார்க்கிறார்கள். 2018-ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. லேத்தில் நிற்கும் அந்தப் பிள்ளைகளை ஹேங்கருக்குக் கொண்டுபோகும் படிப்பும் உரிமமும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். இப்போதைய குறை அதுதான்.

2024 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தின்படி அதைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையத்துக்கு 2033 வரை தடை இருக்கிறது. பயணிகள் முனையம் அதுவரை காத்திருக்க நேரலாம். ஹேங்கர் ஏன் காத்திருக்க வேண்டும்? ஓடுபாதை ஏற்கெனவே இருக்கிறது, கைகளும் இருக்கின்றன.

தமிழக அரசுக்கு என் வேண்டுகோள் இது: பேளகொண்டப்பள்ளி ஓடுபாதையை ஒட்டி, சிறு விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் பராமரிப்பு மையம் அமைய முன்கை எடுங்கள். ஓசூரிலேயே விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்குங்கள். இலங்கையின் டோர்னியர் அடுத்த முறை சர்வீஸுக்குக் கடல் தாண்டி வரும்போது, அது ஓசூரில் இறங்கட்டும்.