பக்கத்தின் அடியில் ஒரு முத்திரை

வீட்டு வரிப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். ஓர் அக்காவின் மாமனார் பெயர் நீல மையில் இருந்தது. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. மேலே கொழுந்தனார் பெயர், வேறொரு கையெழுத்தில். எந்த உத்தரவின்படி பெயர் மாறியது என்று எழுத வேண்டிய கட்டம் காலியாகக் கிடந்தது. கணவரை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு அதே வீட்டில் குடியிருக்கும் அந்த அக்காவுக்கு அந்த ஒரு பக்கம்தான் தேவைப்பட்டது.

"போன்ல போட்டோ எடுத்துக்குங்கம்மா, போதும்" என்றார்கள் ஊராட்சி அலுவலகத்தில். எடுத்தார். பஸ் ஸ்டாண்ட் கடையில் பிரிண்ட் போட்டு வக்கீலிடம் கொண்டுபோனார். வக்கீல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல யார் கையெழுத்தும் இல்லையேம்மா, முத்திரையும் இல்லை. இதை வச்சு நான் என்ன பண்றது?" என்றார். ஆறு மாத அலைச்சல் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது.

நம்மில் பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஜெராக்ஸ் வேறு, சான்றிட்ட நகல் வேறு. நாம் கொண்டுபோகும் ஜெராக்ஸில் தலைமையாசிரியரோ அரசு மருத்துவரோ பச்சை மையில் கையெழுத்திட்டுத் தருவது மேலொப்பம். சான்றிட்ட நகல் அப்படிப்பட்டதல்ல. மூல ஆவணம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்த அலுவலரே தன் பதிவேட்டிலிருந்து நகலெடுத்து, அடியில் 'இது உண்மை நகல்' என்று எழுதி, தேதி, பெயர், பதவி குறித்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தருவது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 76-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் 75-வது பிரிவில் அதையே சொல்கிறது. அடுத்த பிரிவின்படி, பொது ஆவணத்தின் உள்ளடக்கத்தை நிரூபிக்க இந்த நகலையே நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். மூலப் பதிவேட்டைத் தூக்கிவரச் சொல்லி அலைய வேண்டியதில்லை.

கேட்பதற்கு எளிய வழி 2005-ம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். அதன் 2(ஜே) பிரிவு தகவல் உரிமை என்பதில் ஆவணங்களைப் பார்வையிடுவதையும், குறிப்பெடுப்பதையும், சான்றிட்ட நகல் பெறுவதையும் சேர்த்தே சொல்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை வாங்கி மனுவிலேயே ஒட்டிவிடலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. "எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்க அலுவலருக்கு அதிகாரமில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

மனு எழுதுவதில்தான் கவனம் வேண்டும். 'ஏன் என் பெயரை நீக்கினீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த அக்காவுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவில் இரண்டே வரிகள்: 'மேற்படி கதவு எண் கொண்ட வீட்டுக்கு, குறிப்பிட்ட இந்த ஐந்து ஆண்டுகளுக்கான வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டுப் பக்கங்களின் சான்றிட்ட நகல், பெயர் மாற்றத்துக்காகப் பெறப்பட்ட விண்ணப்பம், இணைப்புகள், உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்.' 'சான்றிட்ட' என்ற சொல்லை விட்டுவிட்டால் வெறும் ஜெராக்ஸ்தான் வரும். எது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், முதலில் பார்வையிட அனுமதி கேட்டு மனுப் போடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

மனுவை நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பி வராதீர்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாள் கணக்கு மனு அலுவலகத்துக்குக் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டதே என்ற பயமும் வேண்டாம். ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது அவர்கள் கடமை. கிராமத்தில் நில ஆவணங்களான அ-பதிவேடும் அடங்கலும் கிராம நிர்வாக அலுவலரிடமும், வீட்டு வரியும் தீர்மானப் புத்தகமும் வரவு செலவும் ஊராட்சியிலும் இருக்கும். இந்தப் பிரிவினை தெரிந்தாலே பாதி அலைச்சல் குறையும்.

இந்தத் தகவல் உரிமைச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது பிறந்ததே ஊராட்சிக் கணக்கின் நகலைக் கேட்டதில்தான். ராஜஸ்தானில் வறட்சி நிவாரண வேலை செய்த கூலிகள் தங்களுக்குரிய கூலி வரவில்லை என்று வருகைப் பதிவேட்டையும் பில்களையும் கேட்டார்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அமைத்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் ஊர்ஊராகப் பொது விசாரணை நடத்தி அந்தக் கணக்குகளை மக்கள் முன் வாசித்தது. பார்க்கலாம், ஆனால் நகல் கிடையாது என்று அரசு இழுத்தடித்தபோது, 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். கையில் நகல் இல்லாமல் வெறுமனே பார்ப்பதில் பயனில்லை என்பதை அந்தக் கூலித் தொழிலாளர்கள் நமக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார்கள்.

மறுப்புகளுக்கு வருகிறேன். அடிக்கடி வருவது, 'கோப்பு கிடைக்கவில்லை'. கிடைக்கவில்லை என்பது சட்டத்தில் சொல்லப்பட்ட விலக்கு அல்ல. முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று 2013-ல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இப்படிப் பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் வந்த 'காணவில்லை' மேல்முறையீட்டில் உங்களுக்கே சாட்சி. அடுத்தது, 'இது மூன்றாம் நபரின் சொந்த விவரம்'. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 8(1)(ஜே) பிரிவு மாற்றப்பட்ட பிறகு இந்தப் பதில் இன்னும் எளிதாகிவிட்டது. இது எனக்குக் கவலை தருகிறது. ஆனாலும் பொது நலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, உங்கள் வீடு, உங்கள் தெரு, ஊர்ப் பணம் இவற்றோடு ஆவணத்துக்கு உள்ள தொடர்பை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

30 நாளில் பதிலே இல்லையென்றால் அதுவும் மறுப்புதான். அடுத்த 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணமில்லை. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கெடு தாண்டித் தரும் நகலுக்குக் காசு வாங்கவும் கூடாது.

சில எச்சரிக்கைகள். அலுவலக வாசலில் 'ரெண்டு நாள்ல சீல் போட்டு வாங்கித் தர்றேன்' என்று நிற்பவர்களை நம்பாதீர்கள். போலி முத்திரையுள்ள தாளை நீதிமன்றத்தில் கொடுத்தால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். வீட்டு வரி ரசீதும் பதிவேடும் அனுபவத்துக்குத் துணைச் சான்றுதான். அவை மட்டுமே உரிமையை நிலைநாட்டா. கிராம சபையில் தீர்மானம் எழுதப்படாத வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அந்த அக்காவுக்கு முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு ஆறு பக்கங்கள் வந்தன. நகல் கட்டணம் 12 ரூபாய். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து, தேதி, ஊதா முத்திரை. கூடவே, பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பமோ உத்தரவோ அலுவலகத்தில் இல்லை என்று ஒரு கடிதம். அந்தக் கடிதத்தைத்தான் வக்கீல் முதலில் எடுத்துப் படித்தார். வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் நம் ஊர்களில் கிராம சபை. அடுத்த சபைக்குப் போய்வந்த வாரமே, அங்கே நிறைவேறிய தீர்மானங்களின் சான்றிட்ட நகல் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.