கடுக்காய் கேட்டு வந்த மாணவி

சென்னையில் துணிக்கலை பயிலும் மாணவி ஒருவர், காளஹஸ்திக்குக் கலம்காரி கற்கப் போகுமுன் நமது மண்டியில் 2 கிலோ கடுக்காய் வாங்கிப் போனார். பத்தே நாளில் பஸ் ஏறித் திரும்பி வந்து ஒரு துணியை விரித்தார். கோடெல்லாம் சாம்பல் நிறம். "கறுப்பு ஏறலைங்க ஐயா."

கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்து துணியை நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய நீரை மூங்கில் குச்சியால் தொட்டு எழுதினால், கடுக்காயின் துவர்ப்பில் பட்டுக் கறுக்கும். துவர்ப்பு இல்லையேல் கறுப்பும் இல்லை.

மூட்டையைக் கொட்டிப் பார்த்தோம். பாதி பூச்சி அரித்த பழஞ்சரக்கு! மருந்துக்கு வாங்கியவர்கள் ஒருவரும் சொல்லவில்லை, நாமும் பார்க்கவில்லை. புதுச்சரக்கு நிறுத்துக் கொடுத்தோம். பஸ் செலவை நீட்டினோம், அந்தப் பெண் வாங்க மறுத்துவிட்டார்.

பொங்கலுக்கு முன் தபாலில் ஒரு சிறு துணி வந்தது. மயில்; கோடு மை போல் கறுப்பு. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.