விமானத்துக்குப் பக்கத்தில் வேலை: பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய பாதுகாப்பு விதிகள்



சென்ற மாதம் செட்டியார்பட்டியில் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்புத் தொகை வசூல் முடிந்து, கடன் கேட்பவர்களின் பெயரை ஊக்குநர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா தன் மகனுக்குச் சென்னை விமான நிலையத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, ரூம் அட்வான்ஸுக்கும் வழிச் செலவுக்கும் கடன் கேட்டார். குழுவும் சம்மதித்தது. கூட்டம் கலையும்போது அவர் எங்கள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"மேடம், பிளேனுக்குள்ள வேலை இல்லையாம். வெளிய, பிளேனுக்கு அடியில நின்னு பெட்டி ஏத்துற வேலையாம். வண்டி நெறைய ஓடுமாம். மனசு பக்குபக்குங்குது. அவங்கிட்ட நான் என்னென்ன கேக்கணும்னு சொல்லுங்க."

அப்போது எங்களுக்கும் பதில் தெரியவில்லை. பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். நம் பகுதிப் பிள்ளைகள் சென்னை, மதுரை மட்டுமல்ல, சிங்கப்பூர், துபாய் வரை இந்த வேலைக்குப் போவதால் இது பல குடும்பங்களுக்கும் உதவும்.

ரேம்ப் என்பது என்ன?

விமானம் தரையில் வந்து நிற்கும் இடத்தை ரேம்ப் என்றும் ஏப்ரன் என்றும் சொல்கிறார்கள். ஒரு விமானம் வந்து நின்றதும் அதைச் சுற்றி ஒரு சந்தையே கூடிவிடும். பெட்டி டிராலிகளை இழுத்து வரும் சின்ன டிராக்டர், பெட்டிகளை மேலே ஏற்றும் பெல்ட் வண்டி, ஏணி வண்டி, எண்ணெய் லாரி, சாப்பாட்டு வண்டி, தண்ணீர் வண்டி, கழிவு எடுக்கும் வண்டி, பயணிகள் பஸ் எல்லாம் வரும். விமானம் பொதுவாகத் தானாக ரிவர்ஸ் போகாது. அதனால் அதைப் பின்னுக்குத் தள்ள ஒரு பெரிய இழுவை வண்டியும் வரும்.

பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கி, ஏற்றி, எண்ணெய் ஊற்றி விமானத்தை அனுப்ப வேண்டும். இரவு, மழை, வெயில் பார்க்க முடியாது. இரைச்சலில் பின்னால் வண்டி வருவதும் காதில் விழாது. ஆபத்து இந்த அவசரத்திலும் இரைச்சலிலும்தான் இருக்கிறது. உலகம் முழுவதும் விமானம் தரையில் நிற்கும்போது ஆண்டுக்குச் சுமார் 27,000 விபத்துகளும் சிறு சம்பவங்களும் நடப்பதாக விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற சர்வதேச அமைப்பு 2000-களில் கணக்கிட்டது. அதில் காயம்படுகிறவர்கள் 2,43,000 பேர் என்றும் சொன்னது.

நடந்த மூன்று விபத்துகள்

2015 டிசம்பர் 16 அன்று இரவு, மும்பை விமான நிலையத்தில் ஏர் இந்தியா விமானம் ஒன்று ஹைதராபாத் புறப்படத் தயாரானது. தரையில் நின்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள் என்பது உறுதியாகும் முன்பே விமானம் நகர்ந்தது. அருகில் நின்ற தொழில்நுட்ப ஊழியரை எஞ்சின் உள்ளே இழுத்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போனது.

அடுத்த ஆறாவது நாள், 2015 டிசம்பர் 22 அன்று, கொல்கத்தா விமான நிலையத்தில் ஒரு பயணிகள் பஸ், நின்றுகொண்டிருந்த விமானத்தின் மேல் மோதியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

மூன்றாவது விபத்து அமெரிக்காவில். 2022 டிசம்பர் 31 அன்று, மாண்ட்கோமரி என்ற ஊரில் விமானம் வந்து நின்ற பிறகும் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'எஞ்சின் நிற்கிற வரைக்கும் யாரும் கிட்டே போகக் கூடாது' என்று விமானம் வரும் முன்பே இரண்டு முறை கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஒரு பெண் ஊழியர் எஞ்சினுக்கு அருகே போய்விட, அது அவரை இழுத்துவிட்டது. அவர் குழந்தைகள் உள்ள தாய்.

இதைப் படித்து பயந்துவிட வேண்டாம். லட்சக்கணக்கானோர் தினமும் இந்த வேலையைச் செய்து நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். ஆனால் விதியைக் காதால் கேட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் நின்று கடைப்பிடிக்க வேண்டும் என்பதை இந்தச் சம்பவங்கள் சொல்கின்றன.

முக்கியமான விதிகள்

1. சிவப்பு விளக்கு அணையும் வரை கிட்டே போகக் கூடாது. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். அது மின்னினால் எஞ்சின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது என்று பொருள். விளக்கு அணைந்து, எஞ்சின் சுற்றுவதும் நின்று, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் மற்ற வேலை.

2. எஞ்சினுக்கு முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. முன்பக்கம் உள்ளே இழுக்கும். பின்பக்கம் வரும் சூடான காற்று ஆளையே தூக்கி வீசும். பெரிய இறக்கை விசிறி உள்ள விமானத்தில், விசிறி வேகமாகச் சுற்றும்போது இறக்கைகள் கண்ணுக்கே தெரியாது.

3. வண்டி, விமானத்தின் அருகில் ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. கிட்டே வரும் முன்பே வண்டியை ஒருமுறை முழுதாக நிறுத்தி பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு வெளியே காத்திருக்க வேண்டும்.

4. ரிவர்ஸ் எடுக்க ஆள் வேண்டும். பின்னால் நின்று கை காட்டுகிறவர் கண்ணில் படவில்லை என்றால் வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும்.

5. ஓட்டுகிறவருக்குத் தனி அனுமதி வேண்டும். ஊரில் எடுத்த லைசென்ஸ் மட்டும் போதாது. ரேம்ப்புக்குள் ஓட்ட விமான நிலையம் பயிற்சி கொடுத்து அனுமதி தர வேண்டும். 'சும்மா அந்த டிராலியைத் தள்ளி விடுப்பா' என்று யார் சொன்னாலும் அனுமதி இல்லாதவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

6. டிராலியில் தொற்றிக்கொண்டு போகக் கூடாது. ஓடும் டிராலிகளுக்கு நடுவே புகுந்து போகவும் கூடாது.

7. பளபளக்கும் ஜாக்கெட், பாதுகாப்பு ஷூ, காது மூடி எல்லாம் போட்டிருக்க வேண்டும். மோதிரம், கையில் கட்டிய கயிறு, தொங்கும் துணி கூடாது. பெல்ட்டில் மாட்டினால் விரலே போய்விடும்.

8. கீழே கிடக்கும் போல்ட், பிளாஸ்டிக், காகிதம் எதுவானாலும் பொறுக்க வேண்டும். எஞ்சின் அதை இழுத்தால் விமானத்துக்கே ஆபத்து.

இது நமக்கும்தான்

'ஏரோப்பிளேன் கதை நமக்கெதுக்கு' என்று சிலர் நினைக்கலாம். ராஜபாளையம் மில்லுக்குப் போகும் சகோதரிகளே, பஞ்சு பேல் லாரி ரிவர்ஸ் வரும் யார்டை நினைத்துப் பாருங்கள். கை காட்ட ஆள் இருக்கிறாரா? தறிச் சத்தத்தில் ஹாரன் கேட்கிறதா? முந்தானையும் துப்பட்டாவும் எந்திரத்தில் மாட்டாமல் செருகியிருக்கிறோமா? அங்கே சொன்ன எட்டில் பாதி விதி நம் மில்லுக்கும், செங்கல் சூளை டிராக்டருக்கும் பொருந்தும். பல வருஷம் இரைச்சலில் வேலை பார்த்து காது மந்தமான அக்காமார் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். போன காது திரும்பி வராது. ஆகவே காதுக்குப் பஞ்சு வைப்பதோடு விடாமல், சரியான காது அடைப்பானைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-க்குப் பின்னும் காத்திருந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. வேலைக்குச் சேர்பவருக்கு எழுத்தில் நியமனக் கடிதம் தர வேண்டும். பாதுகாப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் முதலாளியிடமும் அரசு ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம்.

காண்ட்ராக்ட் மூலம் சேர்ந்தாலும் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. பதிவு உண்டா என்று கேட்க வேண்டும். தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்தான், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையில் காயம் பட்டால் சிகிச்சையும் உதவித்தொகையும் கிடைக்கும். இறந்துவிட்டால் சார்ந்திருக்கும் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பதிவு எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டியவை

நியமனக் கடிதம் கையில் வந்ததா? எத்தனை நாள் பயிற்சி? வண்டி ஓட்டச் சொன்னால் அனுமதி அட்டை உண்டா? ஷூ, ஜாக்கெட், காது மூடி கம்பெனி கொடுத்ததா? ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டுக்கு நடுவே தூங்க நேரம் இருக்கிறதா? ஈ.எஸ்.ஐ. எண் என்ன?

கடைசியாக ஒன்று. அந்த அம்மாவின் மகன் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம் போன் பண்ணினானாம். "சீனியர் ஒருத்தர், லைட்டு அணையறதுக்குள்ள போனாத்தான் டைமுக்கு முடியும்ங்கிறாரும்மா. மாட்டேன்னா வேலை போயிருமோன்னு பயமா இருக்கு. கடன் வேற இருக்கு" என்றானாம்.

அம்மா சொன்ன பதிலை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நீ கடைசி ஆளா போ. சூப்பர்வைசர்கிட்ட நேரா சொல்லு. வேலை போனா ஊருக்கு வா. குழுக் கடனை நான் பாத்துக்கிறேன்."

ஊக்குநர் உடனே, "தவணை ஒரு மாசம் தள்ளினா குழு பொறுத்துக்கும்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பையன் சூப்பர்வைசரிடம் சொன்னான். இப்போது அந்த டீமில் விளக்கு அணைந்த பிறகுதான் எல்லோரும் போகிறார்களாம்.

நம் பிள்ளைகள் பல நேரம் வீட்டுக் கடனை நினைத்துத்தான் 'மாட்டேன்' என்று சொல்லப் பயப்படுகிறார்கள். 'அவசரப்படாதே, நாங்க இருக்கோம்' என்று வீட்டிலிருந்து ஒரு வார்த்தை போனால் அதுவும் ஒரு பாதுகாப்புதான். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது ரேம்ப்புக்கும் பொருந்தும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச: நம் குழுவில் யார் வீட்டுப் பிள்ளைகள் வண்டி, எந்திரம் ஓடும் இடத்தில் வேலை பார்க்கிறார்கள்? அவர்களிடம் மேலே உள்ள கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் களப் பணியாளர் வரும்போது காட்டுங்கள். சேர்ந்து பேசுவோம்.