கீரையோடு கலந்த ஊமத்தை... மணத்தக்காளியின் ‘விஷ சொந்தங்களை’ அடையாளம் காண்பது எப்படி?

2022 டிசம்பர். ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டில் விற்ற பசலைக்கீரையைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஒரே மாதிரியான பிரச்சினை. நாக்கு வறண்டது, பார்வை மங்கியது, இதயம் படபடத்தது. சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. விசாரித்ததில், வயலில் களையாக முளைத்திருந்த ஊமத்தை இனச் செடியின் இலைகள் கீரையோடு கலந்திருந்தது தெரியவந்தது.

அதே ஊமத்தை நம்மூர் காலி மனையிலும் குப்பைமேட்டிலும் தண்ணீர் ஊற்றாமலேயே வளருது. தக்காளி, கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், தூதுவளை எல்லாம் இருக்கிற அதே குடும்பம்தான்.

கூகுள் கிளப்பும் பீதி

மணத்தக்காளிக்கு ஆங்கிலப் பெயர் தேடினால் ‘பிளாக் நைட்ஷேட்’ என்று வரும். அடுத்த கிளிக்கில் ‘டெட்லி நைட்ஷேட்’ வந்து பயமுறுத்தும். இரண்டும் வேறு வேறு செடிகள். டெட்லி நைட்ஷேட் எனப்படும் பெல்லடோனா, தமிழ்நாட்டுச் சமவெளியில் தானாக வளர்வதில்லை. அதன் பூ, ஊதா நிற மணி போல இருக்கும். பழம் தனித்தனியாகக் காய்க்கும். மணத்தக்காளிக்கோ குட்டி வெள்ளை நட்சத்திரப் பூ. மிளகு மாதிரி கொத்தாகக் காய்க்கும். ஆனால் அதிலும் பழுக்காத பச்சைக் காயை அப்படியே வாயில் போடக் கூடாது. அதில் சோலனைன் வகை நச்சு உண்டு. வெயில்பட்டு பச்சையான உருளைக்கிழங்கிலும் அதே கதைதான்.

ஊமத்தையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பூவோ காயோ இருந்தால் சுலபம். நீளமான புனல் மாதிரி வெள்ளை அல்லது ஊதாப் பூ, உருண்டையான முள் காய். சிக்கல், பூக்காத இளஞ்செடியில்தான். இலை பார்க்கக் கத்திரி இலை சாயலில் இருக்கும். காம்பு சேரும் இடத்தில் இலையின் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். கசக்கினால் குமட்டும் வாசனை.

விதை இன்னும் ஏமாற்றும். மிளகாய் விதை மாதிரியே தட்டை. ஆனால் மிளகாய் விதை வெளிர் மஞ்சள், காரம். ஊமத்தை விதை பழுப்பு, கசப்பு. தடயவியல் மருத்துவப் பாடத்தில் இந்த வித்தியாசத்துக்குத் தனி இடமே உண்டு. காரணம், மயக்கிக் கொள்ளையடிக்க இந்த விதையைப் பயன்படுத்திய பழைய வரலாறு.

ஊட்டி, கொடைக்கானலில் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூக்கள் முன்னாடி நின்று செல்ஃபி எடுப்போம் இல்லையா? அதிலும் அதே வகை விஷம்தான். செல்ஃபி ஓகே, டீ போட்டுப் பார்க்கும் ஐடியா வேண்டாம்.

சமைத்தால் விஷம் போயிடுமா?

போகாது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை சாதாரண சமையல் சூட்டில் முழுசாக அழியாது. கண் பரிசோதனைக்கு முன் கண்மணியை விரிய வைக்கச் சொட்டுவிடுகிறார்களே, அதில் பயன்படும் மருந்துகளில் ஒன்றுதான் அட்ரோபின். கீரையோடு உள்ளே போனால் அதே வேலையை உடம்பு முழுக்கச் செய்யும்: வாய் வறட்சி, சிவந்து சுடும் தோல், சிறுநீர் அடைப்பு, பிதற்றல். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108-ஐ அழைக்கணும். சாப்பிட்டதில் மீதி இருக்கும் கீரை, விதை, செடியின் ஒரு கிளை என்று எது கிடைத்தாலும் கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. டாக்டர் என்ன விஷம் என்று கண்டுபிடிக்க அது உதவும்.