எல்லைக் கோடுகள் – 9: தலைமதகில் ஒரு கேமரா

சென்ற வாரம் யூகோஸ்லாவியாவில் இருந்தோம். இந்த வாரம் மத்திய ஆசியாவின் ஃபெர்கானா பள்ளத்தாக்குக்குப் போவோம்.

கிர்கிஸ்தான் மலைகளில் உருகும் பனி, இஸ்ஃபாரா ஆறாக இறங்கி வருகிறது. அந்த நீரை கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றுக்கும் பிரித்துவிடும் இடத்துக்கு ‘கோலவ்னோய்’ என்று பெயர். நம் ஊர் வழக்கில் சொன்னால் தலைமதகு. ஒரு பக்கம் கிர்கிஸ் கிராமம், மறுபக்கம் தாஜிக் கிராமம். 2021 ஏப்ரல் 28 அன்று, மதகருகே ஒரு கம்பத்தில் தாஜிக் தரப்பு கண்காணிப்புக் கேமரா பொருத்தியது. கிர்கிஸ் கிராமத்தார் கழற்றச் சொன்னார்கள். வாய்ச்சண்டை கல்லெறியானது. மறுநாள் இரு நாட்டுப் படைகளும் சுட்டுக்கொண்டன. 50 பேருக்கு மேல் செத்தார்கள். வீடுகளோடு பள்ளிக்கூடமும் எரிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மீண்டும் மோதல். இரு தரப்பிலுமாக 100 பேருக்கு மேல் பலி. கிர்கிஸ்தானின் பாத்கென் மாகாணத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள்.

செய்திகள் இதை ‘இனப்பகை’ என்று எழுதின. எனக்கு இதில் உடன்பாடில்லை. கிர்கிஸ் மொழி துருக்கிய வகை, தாஜிக் மொழி பாரசீக வகை; அது உண்மைதான். ஆனால் இருவரும் சுன்னி முஸ்லிம்கள். ஒரே சந்தையில் வாங்கி விற்றவர்கள். கோடையில் மலையேறி ஆடு மேய்த்தவர்கள் கிர்கிஸ்கள். கீழே ஆப்ரிகாட் தோப்பு வைத்தவர்கள் பெரும்பாலும் தாஜிக்குகள். தண்ணீர் முறைக்காக முன்பும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அப்போது அவர்கள் கையில் ராணுவம் இல்லை.

எல்லைக் கோடு வந்தது சோவியத் ஆட்சியில், 1924இல். ஸ்டாலின் வேண்டுமென்றே பிரித்து வைத்தார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் உள்ளூர் கம்யூனிஸ்ட் தலைவர்களே ஊருக்கும் சந்தைக்கும் மல்லுக்கு நின்றதை ஆவணங்கள் காட்டுகின்றன. அதன் பிறகும் கோடு நிலைக்கவில்லை. ஒரு கூட்டுப்பண்ணை பக்கத்துக் குடியரசின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழும். ஆவணத்தில் ஒன்று இருக்கும், வயலில் வேறொன்று நடக்கும். ஒரே நாடாக இருந்தவரை யாருக்கும் அது உறுத்தவில்லை. சில ஊர்களில் ஒரு வீடு கிர்கிஸ், அடுத்த வீடு தாஜிக் என்று மாறி மாறி எழுந்தன. அங்குள்ளவர்கள் இதைச் சதுரங்கக் கட்டம் என்றே சொல்வார்கள்.

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அன்று வரை தாலுகா எல்லை போலிருந்த கோடு, நாளடைவில் பாஸ்போர்ட் கேட்கும் கோடானது. தாஜிகிஸ்தான் 1920களின் வரைபடத்தை நீட்டியது. கிர்கிஸ்தான் 1950களின் வரைபடத்தை நீட்டியது. உஸ்பெகிஸ்தான் பக்கமும் சிக்கல்தான். சோக் என்ற வட்டாரத்தைப் பாருங்கள்: உஸ்பெகிஸ்தானுக்குச் சொந்தம், நாலாபுறமும் கிர்கிஸ்தான், வாழ்பவர்களோ ஏறத்தாழ எல்லாரும் தாஜிக்குகள்! 1999இல் ஆயுதக் குழுக்கள் ஊடுருவிய பிறகு, உஸ்பெகிஸ்தான் அந்த எல்லையில் கண்ணிவெடி புதைத்தது. அதில் மேய்ச்சலுக்குப் போன மாடுகளும் மனிதர்களும் சிதறினார்கள்.

வரைபடத்தை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது என்று புரிய கிர்கிஸ், தாஜிக் அரசுகளுக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளவும், பாதைகளையும் நீரையும் பொதுவில் வைத்துக்கொள்ளவும் இறங்கி வந்தார்கள். 2025 மார்ச் 13 அன்று பிஷ்கெக்கில் கிர்கிஸ் அதிபர் ஜபாரோவும் தாஜிக் அதிபர் ரஹ்மோனும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மூடிக் கிடந்த சோதனைச் சாவடிகள் திறந்தன. இதைப் பெரிய சாதனையாகவே நான் கருதுகிறேன்.

அந்த ஒப்பந்தப்படி தோஸ்துக் என்ற கிர்கிஸ் கிராமம் தாஜிகிஸ்தானுக்குப் போனது. தோஸ்துக் என்றால் நட்பு. அங்கே குடியிருந்த குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடு தருவதாக கிர்கிஸ் அரசு அறிவித்தது.

(தொடரும்)