உப்பிலிருந்து பிறக்கும் குளோரின்

ஆஸ்திரேலியாவில் வீட்டுத் தோட்டங்களில் விளங்கும் நீச்சல் குளங்கள் பல, கடையில் வாங்கிய குளோரினை நாள்தோறும் கொட்டும் சிரமத்தைத் தவிர்த்து, சாதாரண உப்பிலிருந்தே அதனை உற்பத்தி செய்துகொள்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இக்குளங்களுக்கோ 3 அல்லது 4 கிராமே போதுமாகையால், நீந்துவோர் நாவில் கரிப்பு அதிகம் உறைப்பதில்லை. அயோடின் சேராத தூய உப்பைத் தூவி, பம்பை ஒரு நாள் ஓடவிட்டு, அடியில் வெண்மணலெனத் தேங்கியதைத் தூரிகையால் கலக்கி முற்றும் கரைத்த பின்னரே, டைட்டானியம் தகடுகள் பொருந்திய மின்கலத்தை இயக்குதல் வேண்டும். அத்தகடுகளினூடே நீர் பாய்கையில், மின்சாரத்தின் பிரபாவத்தால் குளோரின் பிறந்து, கிருமிகளை நாசம் செய்து, மீண்டும் உப்பாகவே மாறிவிடுகிறது என்பது இரசாயனத்தின் அற்புதங்களுள் ஒன்றாகும். ஆகவே, உப்பு குறைவதெல்லாம் நீர் சிதறுவதாலும், வடிகட்டியைக் கழுவி வெளியேற்றுவதாலுந்தான்.

எனினும், குளோரினே இல்லாத குளம் இது என்று கருதுவது பெரும் பிழை. நீரின் காரத்தன்மை நாளடைவில் உயரும். தகடுகளில் சுண்ணாம்புப் படலம் வெள்ளையாய்ப் படியும். உலோக ஏணிகளையும் சில கல்வகைகளையும் உப்பு அரிக்கவும் கூடும். குளத்தை இம்முறைக்கு மாற்ற விழைவோரே, வாரந்தோறும் நீரைப் பரிசோதிக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடாதிருங்கள்.