நிற்பதும் நிறுத்தமும்: தொப்பூர் ரயில் நிலையத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2021 நவம்பர் 12, அதிகாலை 3.50 மணியளவில், கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது பாறைகள் சரிந்து விழுந்தன. பெட்டிகள் தடம் புரண்டன. வண்டியில் 2,348 பேர். உயிர்ச்சேதம் இல்லை. பாதிக்கப்படாத பின்பெட்டிகளில் பயணிகளைத் தொப்பூர் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஏற்றிச் செல்ல 15 பேருந்துகளுக்கு ஏற்பாடாயிற்று.

அந்த எக்ஸ்பிரசுக்குத் தொப்பூரில் நிறுத்தம் கிடையாது. அதில் வந்தவர்களில் பலருக்கு இப்படியொரு ஊர் இருப்பதே அன்றுதான் தெரிந்திருக்கும். விபத்து நடந்தால்தான் ஒரு நிலையம் கண்ணில் படுகிறது என்றால், மற்ற நாட்களில் அதை மறைத்து வைப்பது எது?

2

'பயணி' என்ற சொல்லை நாம் சாதாரணமாகப் புழங்குகிறோம். ரயில்வேயின் சொல்லாடலில் பயணி என்பவர் சீட்டு வாங்கியவர், அதாவது கணக்கில் ஏறியவர். நடைமேடையில் நின்று வண்டி கடந்து போவதைப் பார்ப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட ஏதாவது ஒரு வண்டி சிறு நிலையத்தில் காத்திருந்தாக வேண்டும். அப்போது எக்ஸ்பிரஸ்கூட நிற்கும். ஆனால் அது 'நிறுத்தம்' அல்ல. இயக்கத்துக்காக நிற்பது வேறு, ஆளேற்ற நிற்பது வேறு. கால அட்டவணையில் முன்னது இடம்பெறாது; அதை நம்பிச் சீட்டும் தரமாட்டார்கள். "கண்ணு முன்னாடி நிக்குது, ஏறக் கூடாதுங்கறாங்க" என்று ஒருவர் சொன்னால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரே இரும்பு வண்டி ஒருவருக்கு வாகனமாகவும் இன்னொருவருக்கு வெறும் காட்சியாகவும் ஆகிறது. இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அட்டவணையில் இருக்கிறது.

நிறுத்தம் தருவதற்கு அளவுகோல் என்ன? பெரும்பாலும் அந்த நிலையத்தின் சீட்டு வருமானம். நிறுத்தம் இல்லாததால் சீட்டு விற்பதில்லை. சீட்டு விற்காததால் நிறுத்தம் இல்லை. இந்த வட்டத்துக்குள் மக்களின் தேவை எந்த இடத்திலும் எண்ணாக மாறுவதில்லை. 2020இல் கொரோனாவை ஒட்டிப் பாசஞ்சர் வண்டிகள் நின்றன. திரும்பி வந்தபோது பல எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டிகளாகப் பெயர் மாறியிருந்தன. நாடெங்கும் பல சிறு நிறுத்தங்கள் பறிபோயின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. அது பழையபடி 10 ஆனது 2024 பிப்ரவரியில்தான். வண்டியின் பெயரை மாற்றியே ஏழையின் பயணத்தை மும்மடங்கு விலையாக்க முடிந்தது என்பது கவனங்கொள்ளத்தக்கது.

3

தொப்பூர் தருமபுரி மாவட்டத்தின் தெற்கு விளிம்பு. கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம். ஆனால் ரயில்வேயின் வரைபடம் வேறு. ஓமலூர் சேலம் கோட்டம், தெற்கு ரயில்வே. தொப்பூரோ பெங்களூர்க் கோட்டம். 2003இல் இயங்கத் தொடங்கிய தென்மேற்கு ரயில்வேயின் கீழ் வருகிறது. அதன் தலைமையகம் ஹூப்ளி. மனு எழுதுகிறவர் தன் ஊரைப் பற்றி இன்னொரு மாநிலத்திலுள்ள அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நிர்வாக வசதிக்கான பிரிவினைதான். இருந்தும் விளிம்பிலிருப்பவரின் குரலுக்குத் தூரம் கூடிவிடுகிறது.

இந்த மாவட்டத்துக்கு இது புதிதல்ல. மொரப்பூர் – தருமபுரி குறுகிய பாதை 1906இல் திறக்கப்பட்டது. இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று கடிகாரங்கள் திருத்தப்பட்டதும் அதே ஆண்டுதான். பின்னர் ஓசூர்வரை நீண்ட அந்தப் பாதை 1941இல், உலகப்போரின் நடுவே, மூடப்பட்டது. மொரப்பூர் – தருமபுரி இணைப்புக்கு மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது 2019இல். தண்டவாளம் போடுவதும் பிடுங்குவதும் எங்கோ முடிவாகின்றன. அந்தந்த ஊர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

4

"வண்டி நிக்கலன்னா பஸ்ஸுல போயேன்" என்பது நடைமுறை அறிவு போலத் தோன்றும். பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை இருக்கிறதே! ஆனால் தொப்பூர்க் கணவாய்ச் சாலை எப்படிப்பட்டதென்று இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 12 அன்று ஒரு லாரி அங்கே பதினைந்து வாகனங்கள்மீது மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். ரயில் மறுக்கப்பட்டவர் போக வேண்டிய சாலை இதுதான். அந்த ஆபத்து ரயில்வேயின் வரவுசெலவில் செலவாக எழுதப்படுவதில்லை.

எல்லா வண்டியும் எல்லா ஊரிலும் நிற்க வேண்டும் என்பதல்ல நம் வாதம். எதை எண்ணுகிறோம் என்பதே கேள்வி. விற்ற சீட்டை எண்ணினால் தொப்பூர் ஒரு சுழியம். பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணவாய் வழியே பஸ்ஸில் போகிறவர்களை எண்ணினால் கதை வேறு. இந்தக் கணக்கை ரயில்வே எடுக்காது. ஊர்க்காரர்களும் இயக்கங்களும்தான் எடுத்தாக வேண்டும். ஒரு நோட்டும் நாலு ஆட்களும் இருந்தால் போதும். எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: நம் கதைகளில் சிறிய நிலையங்கள் பெரும்பாலும் ஓடும் வண்டியின் ஜன்னலிலிருந்தே பார்க்கப்பட்டிருக்கின்றன. நடைமேடையில் நிற்பவரின் பக்கமிருந்து இனிமேல்தான் எழுத வேண்டியிருக்கிறது.